கடலூர், புதுச்சேரி, பாரிஸ்: ரெட்ரோஆர்க்கில் பலர் சேர்ந்து விளையாடுவதற்கான படிப்படி வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் நானும், புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் தம்பியும், பாரிஸில் குடியேறிவிட்ட சித்தப்பா மகனும் சிறு வயதில் ஒரே டிவியின் முன் உட்கார்ந்து, கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடியவர்கள். மூவரும் மறுபடியும் சேர்ந்து விளையாட வேண்டும் என்று நினைத்த நாளுக்கும், அது உண்மையில் நடந்த நாளுக்கும் இடையே இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதில் பெரும்பகுதி, பழுது இல்லாத இடத்தில் பழுதைத் தேடியதில் கழிந்தது. இணைய வேகம் போதவில்லை என்று முடிவுகட்டி, அதிக விலைத் திட்டத்துக்கு மாறி, ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டினேன். அதனால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. எங்கள் சிக்கல்கள் மூன்றே மூன்று: இரு பக்கமும் கோப்புகள் ஒத்துப்போகாதது, என் வீட்டு இணைப்புக்குத் தனியாகப் பொது இணைய முகவரி இல்லாதது, தூரத்தால் வரும் தாமதத்துக்கு ஏற்ப அமைப்பை மாற்றாதது. இவற்றில் ஒன்றைக்கூட வேகம் தீர்க்காது.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் ஒரே அறை, அடுத்து ஒரே வைஃபை, அதன்பின் பக்கத்து ஊர், கடைசியாக வெளிநாடு. ஒரு படி முழுமையாக வேலை செய்யாமல் அடுத்ததற்குப் போனால், பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

1. எதை நிறுவுவது

ரெட்ரோஆர்க், பழைய வீடியோ கேம் கருவிகளின் விளையாட்டுகளைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஆட உதவும் ஓர் இலவச மென்பொருள். அது தானாக எந்த விளையாட்டையும் ஓட்டாது. ஒவ்வொரு பழைய கருவிக்கும் ஏற்ற "கோர்" (அந்தக் கருவியைப் போல் இயங்கும் நிரல்) உண்டு, அதை ரெட்ரோஆர்க்குக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கணினியாக இருந்தால் ரெட்ரோஆர்க்கின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே நிறுவுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு பிளே ஸ்டோரிலும் கிடைக்கிறது, தளத்திலும் ஏபிகே கோப்பாகக் கிடைக்கிறது. ஸ்டீமிலும் ஒரு பதிப்பு உண்டு. இந்த மூன்று இடங்களிலும் கிடைக்கும் கோர்கள் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால், சேர்ந்து விளையாடப்போகும் அனைவரும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில் நிறுவிக்கொள்வது நல்லது. என் தம்பி ஸ்டீமிலும் நான் தளத்திலும் நிறுவியதுதான் எங்கள் முதல் வாரத்தை வீணாக்கியது.

நிறுவியதும் மெயின் மெனுவில் ஆன்லைன் அப்டேட்டர் பகுதிக்குள் சென்று, கண்ட்ரோலர் புரொஃபைல்களைப் புதுப்பியுங்கள். பெரும்பாலான கேம்பேடுகளைச் செருகியவுடன் பொத்தான்கள் தாமாகவே சரியாக அமைவதற்கு இதுவே காரணம். அதன்பின் கோர் டவுன்லோடரில் "மிஸ்டர் பூம்" என்ற கோரை இறக்குங்கள். குண்டு வைத்து எதிராளியை மடக்கும் இந்த விளையாட்டை 8 பேர் வரை சேர்ந்து ஆடலாம். இதற்குத் தனியாக விளையாட்டுக் கோப்பு எதுவும் தேவையில்லை, கோரை ஏற்றி ஸ்டார்ட் கோர் என்பதை அழுத்தினால் போதும். சோதனைகள் அனைத்தையும் இதில்தான் செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். கோப்பு ஒத்துப்போகிறதா என்ற கேள்வியே இதில் எழாது என்பதால், ஏதாவது தவறினால் பழுது கேம்பேடிலோ இணைப்பிலோ கோரின் பதிப்பிலோதான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

2. ஒத்துப்போக வேண்டிய கோப்புகள்

நெட்ப்ளே என்னும் இணைய விளையாட்டு முறையில் உங்கள் கணினியின் படம் நண்பருக்கு அனுப்பப்படுவதில்லை. இரண்டு கணினிகளும் ஒரே விளையாட்டைத் தனித்தனியே ஓட்டுகின்றன; யார் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார் என்ற தகவல் மட்டுமே பரிமாறப்படுகிறது. டேட்டா மிகக் குறைவாகச் செலவாவதற்கும், கோப்பில் ஒரு பைட் மாறினாலும் ஆட்டம் தடம்புரள்வதற்கும் இதுவே காரணம். எனவே தொடங்கும் முன் ஒரு தாளில் நான்கு விவரங்களைக் குறித்து, மற்றவரிடமும் அதே நான்கைக் கேட்டு ஒப்பிடுங்கள்:

ரெட்ரோஆர்க்கின் பதிப்பு எண். இது இன்ஃபர்மேஷன் பகுதியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குள் இருக்கும்.

கோரின் பெயரும் பதிப்பும். ஒரே கருவிக்குப் பல கோர்கள் உண்டு. ஒருவர் நெஸ்டோபியாவும் மற்றவர் எஃப்சிஇயு-எம்எம் என்பதும் வைத்திருந்தால் சேர முடியாது.

விளையாட்டுக் கோப்பின் சிஆர்சி எண், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண். செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தி சிஆர்சி என்பதைத் தேர்ந்தால் 8 இலக்க எண் ஒன்று வரும். கோப்பின் பெயர் ஒன்றாக இருப்பது போதாது, இந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோப்பின் நாட்டுப் பதிப்பு. பிரான்ஸில் உறவினர் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஐரோப்பியப் பதிப்புகள் நொடிக்கு 50 சட்டங்களிலும் (ஃப்ரேம், அதாவது அடுத்தடுத்துத் தோன்றும் தனிப் படம்), அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகள் ஏறத்தாழ 60 சட்டங்களிலும் ஓடுபவை. சித்தப்பா மகன் அங்கே வாங்கிய கேசட்டிலிருந்து எடுத்த கோப்பு என்னுடையதோடு கடைசி வரை சேரவில்லை.

விளையாட்டுக் கோப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விற்பனைக்கு வந்த விளையாட்டின் நகலை, உரிமையாளரின் அனுமதியின்றி இணையத்தில் இறக்குவது பதிப்புரிமை மீறல். "பழைய விளையாட்டுதானே" என்பதால் உரிமை போய்விடாது. பழைய கருவிகளுக்காக இன்றும் புதிதாக எழுதப்படும் விளையாட்டுகளை நேர்வழியில் வாங்கலாம். 2019-இல் வெளிவந்த மைக்ரோ மேஜஸ் அத்தகைய ஒன்று. பழைய நின்டெண்டோவுக்காக எழுதப்பட்ட இதை நால்வர் சேர்ந்து விளையாடலாம், ரோம் எனப்படும் விளையாட்டுக் கோப்பாகவே விலைக்குக் கிடைக்கிறது. அனைவரும் ஒரே விற்பனைப் பக்கத்தில் ஒரே பதிப்பை வாங்கிக்கொண்டால் சிஆர்சி சிக்கலும் தீர்ந்துவிடும்.

3. ஒரே அறையில் இருவர்

இரண்டு யுஎஸ்பி கேம்பேடுகள் வாங்குங்கள். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும், புதுச்சேரி நேரு வீதியிலும் உள்ள கணினிக் கடைகளில் சாதாரண வயர் வைத்த கேம்பேடு நான் வாங்கியபோது ஒன்று 450 ரூபாய்க்கும் 700 ரூபாய்க்கும் இடையே இருந்தது. புளூடூத் வகை அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு விலை. தொடக்கத்தில் அது வேண்டாம். கைப்பேசியில் செருகுவதென்றால் 100 ரூபாய் அளவில் ஓர் ஓடிஜி இணைப்பியும் தேவைப்படும். வாங்கும்போது திசைப்பொத்தானை அழுத்திப் பாருங்கள். மேலே அழுத்தும்போது பக்கவாட்டுத் திசையும் சேர்ந்து பதிவாகும் கேம்பேடுகள் உண்டு. அதைக் கடையிலேயே கணினியில் செருகிச் சோதிக்கக் கேட்பதில் தவறில்லை.

கேம்பேடுகளைச் செருகியபின் செட்டிங்ஸில் இன்புட் பகுதிக்குச் சென்று, போர்ட் 1 கண்ட்ரோல்ஸ், போர்ட் 2 கண்ட்ரோல்ஸ் ஆகிய இரண்டையும் திறந்து, டிவைஸ் இன்டெக்ஸ் என்ற இடத்தில் எந்தக் கேம்பேடு யாருக்கு என்று அமையுங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கேம்பேடாக இருந்தால், செருகிய வரிசை மாறும்போதெல்லாம் ஆட்களும் மாறிவிடுவார்கள். ஆகவே ஒன்றில் நூல் கட்டி அடையாளம் வைத்து, எப்போதும் அதையே முதலில் செருகுங்கள்.

பழைய விளையாட்டுகளுக்கு அனலாக் குச்சி என்றால் என்னவென்றே தெரியாது. குச்சியை அசைத்தும் ஆள் நகரவில்லை என்றால் கேம்பேடு பழுதில்லை. அதே பக்கத்தில் உள்ள அனலாக் டு டிஜிட்டல் டைப் என்பதை லெஃப்ட் அனலாக் என்று மாற்றுங்கள்.

ஒரே விசைப்பலகையில் இருவர் விளையாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு வழியில்லை என்றால் ஒரு பெரிய பொறியை அறிந்துகொள்ளுங்கள். ரெட்ரோஆர்க் பல எழுத்துகளைக் குறுக்குவிசையாகத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கிறது: எச் அழுத்தினால் விளையாட்டு முதலிலிருந்து தொடங்கும், பி (P) அழுத்தினால் நின்றுவிடும், ஸ்பேஸ் அழுத்தினால் வேகமாக ஓடும். இரண்டாம் ஆளுக்கு இந்த எழுத்துகளை ஒதுக்கினால் ஆட்டம் திடீரென்று அழிந்துபோகும். ஹாட்கீ எனேபிள் என்ற இடத்தில் யாரும் தொடாத ஒரு விசையை வைத்துவிட்டால், அதைச் சேர்த்து அழுத்தும்போது மட்டுமே குறுக்குவிசைகள் வேலை செய்யும்.

சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுகளில் இருவருக்கு மேற்பட்டவர் சேர வேண்டுமானால், ஸ்னெஸ்9எக்ஸ் கோரில் ஆட்டத்தின் நடுவே குயிக் மெனு, கண்ட்ரோல்ஸ் வழியாகப் போர்ட் 2-இன் டிவைஸ் டைப்பை மல்டிடேப் (ஒரே போர்ட்டில் பல கேம்பேடுகளைச் சேர்க்கும் இணைப்பி) என்று மாற்றி, அந்த விளையாட்டுக்கு மட்டும் சேமித்துக்கொள்ளுங்கள். எல்லா விளையாட்டுக்கும் பொதுவாகச் சேமித்தால், இருவர் ஆடும் சில விளையாட்டுகளில் இரண்டாம் கேம்பேடு செயலற்றுப்போகும்.

எல்இடி டிவியில் இணைத்திருந்தால் டிவியின் பட அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள். பொத்தானை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடையே நீங்கள் உணரும் தாமதத்தில் கணிசமான பங்கு டிவி படத்தைச் செதுக்கும் நேரமே.

4. ஒரே வைஃபையில் இரண்டு கருவிகள்

செட்டிங்ஸில் யூசர் பகுதியில் ஆளுக்கொரு பெயர் கொடுங்கள். ஒருவர் மிஸ்டர் பூமைத் தொடங்கி, நெட்ப்ளே பிரிவில் ஹோஸ்ட் (ஆட்டத்தைத் தொடங்கி மற்றவரைச் சேர்த்துக்கொள்பவர்) என்பதற்குள் ஸ்டார்ட் நெட்ப்ளே ஹோஸ்ட் என்பதை அழுத்த வேண்டும். விண்டோஸின் ஃபயர்வால் அனுமதி கேட்கும். அப்போது அவசரத்தில் கேன்சல் கொடுத்துவிட்டால், அதன்பின் அது கேட்காமலேயே தடுத்துக்கொண்டிருக்கும், கண்ட்ரோல் பேனலில் போய்த்தான் நீக்க வேண்டியிருக்கும்.

மற்றவர் கனெக்ட் டு நெட்ப்ளே ஹோஸ்ட் என்பதைத் தேர்ந்து, முதலாமவர் கணினியின் உள் முகவரியை, அதாவது வீட்டு வைஃபைக்குள் மட்டும் செல்லும் ஐபி எண்ணை, தட்டச்சு செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். சேரவில்லை என்றால் இரண்டை மட்டும் பாருங்கள். விண்டோஸில் உங்கள் வைஃபை "பப்ளிக்" என்று பதிவாகியிருந்தால் அதைப் "பிரைவேட்" என்று மாற்றுங்கள். இரு கருவிகளில் ஒன்று விருந்தினர் வைஃபையில் இருந்தால் அதை முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுக்கப்பட்டிருப்பது வழக்கம்.

வைஃபை இல்லாத இடத்தில் ஒருவர் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மற்றவர் சேர்ந்தாலே போதும். இணையமே தேவையில்லை என்பதால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்துகூட இரண்டு கைப்பேசிகளில் ஆடியிருக்கிறோம்.

5. வேறு ஊரில் இருப்பவரோடு: முதலில் உங்கள் முகவரியைப் பாருங்கள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் என் ஒரு மாதம் இங்கேதான் போயிற்று, எனவே இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஹோஸ்ட் செய்பவரின் கணினியை மற்றவர் வெளியிலிருந்து அடைய வேண்டுமானால் அந்த வீட்டு இணைப்புக்கென ஒரு பொது முகவரி வேண்டும். நம் பகுதியில் பல ஃபைபர் இணைப்புகளும், கைப்பேசி டேட்டாவும் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. இதைச் சிஜிநாட் என்பார்கள். ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் இருந்தால் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? அதுதான் நிலைமை. இணையதளம் பார்ப்பதற்கோ வீடியோ பார்ப்பதற்கோ இதனால் எந்த இடையூறும் இல்லாததால், இப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். உலாவியில் 192.168.1.1 என்பது போன்ற உங்கள் மோடத்தின் முகவரியைத் திறந்து உள்நுழைந்து, வான் ஐபி (WAN IP, மோடத்தின் வெளிப்பக்க முகவரி) என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு "என் ஐபி என்ன" என்று இணையத்தில் தேடி, வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி உண்டு. வெவ்வேறாக இருந்தால், அதிலும் மோடம் காட்டுவது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாகவோ 10 என்று தொடங்கும் எண்ணாகவோ இருந்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அந்நிலையில் மோடத்தில் எத்தனை போர்ட் (இங்கே, இணையத் தகவல் நுழையும் எண்ணிட்ட வழி) திறந்தாலும் பயனில்லை. நான் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல், வாடிக்கையாளர் சேவையில் சொன்னபடி மூன்று முறை மோடத்தைப் புதிதாக அமைத்தேன்.

6. முகவரிக்கு ஏற்ற வழி

பொது முகவரி உள்ளவர்: மோடத்தில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் டிசிபி 55435 என்ற போர்ட்டை உங்கள் கணினியின் உள் முகவரிக்குத் திருப்புங்கள். போர்ட்டைத் தானாகத் திறக்கவிடும் யுபிஎன்பி என்ற வசதி மோடத்தில் இயங்கினால் ரெட்ரோஆர்க் இதைத் தானாகவே செய்ய முயலும். கணினியின் உள் முகவரி மாறாமல் இருக்க அதை மோடத்திலேயே ஒதுக்கி வையுங்கள். மின்சாரம் போய் வந்தால் வெளி முகவரி மாறிவிடலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்து நண்பருக்கு அனுப்புங்கள். இருவரில் ஒருவருக்குப் பொது முகவரி இருந்தால் போதும், அவரே ஹோஸ்ட் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் இல்லாத முகவரி தம்பி வீட்டில் இருந்தது; நானே ஹோஸ்ட் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

இருவருக்குமே இல்லை என்றால்: நெட்ப்ளே அமைப்பில் யூஸ் ரிலே சர்வர் என்பதை இயக்குங்கள். ஆட்டத் தகவல் இடையில் உள்ள ஒரு சேவையகம் வழியாகச் செல்லும். இதற்குக் கட்டணம் இல்லை. சேவையகங்களின் இடப்பட்டியலில் நமக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்; அமெரிக்காவில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டால், கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போக வேண்டிய பொத்தான் அழுத்தம் உலகைப் பாதி சுற்றி வரும். உங்கள் அறை எல்லோரும் பார்க்கும் பட்டியலில் தோன்றலாம், ஆகவே கடவுச்சொல் வைக்காமல் ஹோஸ்ட் செய்யாதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகள் விளையாடும்போது.

மூன்றாவது வழி டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்ற மென்பொருள்கள். இரு பக்கமும் நிறுவி, ஒருவர் மற்றவரைத் தம் வலையில் சேர்த்துக்கொண்டால், இரண்டு வீட்டுக் கணினிகளும் ஒரே வைஃபையில் இருப்பது போல் ஆகிவிடும். அது தரும் முகவரியை நான்காம் படியில் செய்தது போலவே தட்டச்சு செய்தால் போதும். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் உண்டு. நான் இன்றும் பயன்படுத்துவது இதைத்தான். பட்டியலில் அறை தெரியாது, அந்நியர் நுழைய முடியாது, நேரடிப் பாதை கிடைத்துவிட்டால் தாமதமும் ரிலேயைவிடக் குறைவு.

நிலையான பொது முகவரியை இணைய நிறுவனத்திடம் விலைக்குக் கேட்பது கடைசி வழி. சிலர் வணிக இணைப்புக்கு மட்டுமே தருகிறார்கள். கேட்டு எழுதும்போது வாடிக்கையாளர் எண், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள ஆவணம், முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை வைத்திருங்கள். எங்கள் இணைப்பு அப்பா பெயரில் இருந்ததால் அவர் கையொப்பம் கேட்டு ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மாதக் கட்டணமா, ஆண்டுக் கட்டணமா, வரி சேர்த்தா என்பதை எழுத்தில் பெறாமல் பணம் கட்டாதீர்கள். விளையாட்டுக்காக மட்டும் இந்தச் செலவு தேவையே இல்லை என்பது என் கருத்து.

7. பாரிஸ் வரை: தாமதத்தைப் பங்கிடுவது

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு நேர்க்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர். போய் வர 80 மில்லி நொடி கட்டாயம் ஆகும்; கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் எங்களுக்கு 150 முதல் 180 வரை வந்தது. எவ்வளவு பணம் கட்டினாலும் இது குறையாது.

ஒரு சட்டம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. எங்களுக்கு வந்த அளவில் பாதி, அதாவது ஒரு வழிப் பயணம், சுமார் 80 மில்லி நொடி என்றால் உங்கள் பொத்தான் அழுத்தம் அங்கே சேர்வதற்குள் ஐந்து சட்டங்கள் ஓடிவிட்டிருக்கும். தாமதமாக வந்த தகவலைப் பெற்றதும் ரெட்ரோஆர்க் ஐந்து சட்டம் பின்னோக்கிப் போய், சரியான அழுத்தத்தோடு மறுபடி ஓட்டி, நிகழ்காலத்துக்கு வந்துவிடும். திரையில் எதிராளி திடீரென்று இடம் மாறித் தெரிவது இதனால்தான். இந்த மறு ஓட்டத்தைப் பழைய கைப்பேசியால் செய்ய முடியாது. பாரிஸ் ஆட்டத்துக்குக் கணினியையே பயன்படுத்துங்கள்.

இன்புட் லேட்டன்சி ஃப்ரேம்ஸ் என்ற எண்ணைக் கூட்டினால், உங்கள் சொந்தப் பொத்தானும் அத்தனை சட்டம் தாமதித்தே வேலை செய்யும், ஆனால் தாவல்கள் குறையும். தம்பியோடு 1 வைக்கிறேன், பாரிஸோடு 4. ஆறுக்கு மேல் போனால் கை கனத்துப்போவது போல் இருக்கும். சண்டை விளையாட்டுகளை விட்டுவிட்டு, இருவரும் ஒரே பக்கம் நின்று ஆடும் விளையாட்டுகளைத் தேர்ந்தால் இந்தத் தாமதம் உறுத்துவதில்லை. நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் போன்ற கனமான கருவிகளின் கோர்களில் தொடங்க வேண்டாம்; பின்னோக்கிப் போய் மறுபடி ஓட்டுவது அவற்றில் எளிதில் தடம்புரளும்.

வைஃபையை விடுத்து மோடத்திலிருந்து கணினிக்கு லான் கேபிள் இழுங்கள். பத்து மீட்டர் கேபிள் 250 ரூபாய்க்குள் கிடைத்தது. நான் செய்த செலவுகளில் மிகவும் பயன்பட்டது இதுவே. வைஃபையில் சராசரித் தாமதம் நன்றாக இருந்தாலும், நடுநடுவே ஒரு நொடி சிக்கி நிற்பது ஆட்டத்தைக் கெடுத்துவிடும். மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்துவிட்டால், மின்சாரம் கண் சிமிட்டும்போது இணைப்பு அறுவதும் நின்றுவிடும். எனக்கு 1,400 ரூபாய் ஆயிற்று. வாங்கும் முன் மோடம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துச் செல்லுங்கள்.

8. எப்போது விளையாடுவது

முதல் மூன்று படிகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். நான்காம் படிக்கு அரை மணி. ஐந்தும் ஆறும் சேர்ந்து, இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். எழுத்தில் செய்தி அனுப்பிக்கொண்டு செய்தால் இரண்டு நாள் ஆகும்.

இரவு எட்டு முதல் பதினொன்று வரை எங்கள் தெருவில் தாமதம் ஏறி இறங்குகிறது, பகலில் நிலையாக இருக்கிறது. ஆகவே பாரிஸ் ஆட்டத்தை ஞாயிறு பிற்பகலில் வைத்திருக்கிறோம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். அங்கே காலை பத்து மணி என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் முந்தைய வாரமே புதிய நேரத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அதே அழைப்பில் ரெட்ரோஆர்க் பதிப்பு எண்ணையும் கோரின் பதிப்பையும் ஒப்பிட்டுவிடுங்கள்.